பள்ளிக்கு ஒரே ஒரு இயற்பியல் ஆசிரியர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ இயற்பியல் தேர்வு கடினமாக இருந்தது என்று மாணவர்கள் ஒவ்வொரு மார்ச்சிலும் கண்ணைக் கசக்குவது பற்றி உங்கள் பக்கத்தில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அரசு ஆசிரியர்களுக்குப் பயிற்சி மேல் பயிற்சி கொடுக்கிறார்கள், ஆனாலும் வகுப்பறையில் எதுவும் மாறக் காணோம் என்பது அவருடைய ஆதங்கம். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

நான் கள்ளக்குறிச்சி மாவட்ட அரசு மேல்நிலைப் பள்ளிகளில் முதுகலை ஆசிரியராக இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள். பணியில் இருந்தவரை பத்திரிகைக்கு எழுதலாமா என்று நினைக்கும்போதே நடத்தை விதிகள் ஞாபகத்துக்கு வந்துவிடும். இப்போது அந்தக் கவலை இல்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாசகர் கேள்விப்படும் பயிற்சிகளில் பெரும்பாலானவை கீழ் வகுப்புகளுக்கானவை. 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குப் பருவந்தோறும் பயிற்சி உண்டு. அதே ஆண்டு நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை சோதனைகளை வகுப்புக்கே கொண்டு போகிறது. இரண்டும் நல்ல காரியங்கள். என் பேரப்பிள்ளை வயதுக் குழந்தைகள் பலூனையும் பாட்டிலையும் வைத்துக் காற்றழுத்தம் பேசுவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் குழந்தை பதினொன்றாம் வகுப்புக்கு வந்து நிற்கும்போது எதிரே நிற்கிற ஆசிரியருக்கு என்ன இருக்கிறது? பாடப்புத்தகம் மாறினால் ஒரு பயிற்சி. நீட் சம்பந்தமாக எப்போதாவது ஒன்று. பள்ளி விவரங்களைப் பதிவேற்றும் எமிஸ் இணையதளத்தில் புதிதாக ஒரு பக்கம் வந்தால் அதை நிரப்பச் சொல்லிக்கொடுக்க ஒன்று. என் அனுபவத்தில் அவ்வளவுதான்.

பொதுவாக ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழுக்கும் கணக்குக்கும் முதுகலை, பட்டதாரி என்று நாலைந்து பேராவது இருப்பார்கள். இயற்பியலுக்கு ஒரே ஒருவர். பெரிய பள்ளியாக இருந்தால் இரண்டு பேர். பாடத்தில் ஒரு சந்தேகம் என்றால் மதியச் சாப்பாட்டின்போது யாரிடம் கேட்பது? தாவரவியல் டீச்சர் நல்லவர்தான், ஊறுகாய் தருவார். மின்காந்தத் தூண்டலில் வரும் லென்ஸ் விதியை அவரிடம் பேச முடியாது.

சந்தேகம் என்று நான் சொல்வது விடை தெரியாமல் முழிப்பதை அல்ல. ஒரு வருஷம் மாறுதிசை மின்னோட்டம் (ஏ.சி.) நடத்திக்கொண்டிருந்தபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், கரன்ட் முன்னாலயும் பின்னாலயும் ஆடிக்கிட்டே இருந்தா, டிரான்ஸ்ஃபார்மர்ல இருந்து வீட்டுக்கு எப்படி வந்து சேரும்?" எவ்வளவு நல்ல கேள்வி! எலக்ட்ரான் நகர்வது நேர்மின்னோட்டத்திலேயே நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மாறுதிசையில் அது இருந்த இடத்திலேயேதான் ஆடிக்கொண்டிருக்கிறது. ஆற்றல் மின்காந்தப் புலத்தின் வழியாக வருகிறது. எம்.எஸ்சி. படித்த யாருக்கும் இது தெரியும். ஆனால் மாறுதிசை என்ற சொல்லையே அந்த வாரம்தான் கேள்விப்பட்ட பிள்ளைக்கு அதை எந்த வழியில் சொன்னால் மனதில் நிற்கும்? முதலில் எதைக் காட்ட வேண்டும், எதை அடுத்த மாதத்துக்குத் தள்ள வேண்டும்? இதைப் பேசத்தான் இன்னொரு இயற்பியல் ஆசிரியர் வேண்டும். எனக்கு மிக அருகில் இருந்தவர் பக்கத்து ஊர்ப் பள்ளியில் இருந்தார். அவருக்கும் அதே மணிக்குத்தான் பெல் அடிக்கும்.

வாட்ஸ்அப் குழு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. காலாண்டு வினாத்தாள், ஒரு மதிப்பெண் தொகுப்பு, மெல்லக் கற்போர் கையேடு, பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் வரும். ஒரு பாடத்தை எப்படி நடத்தினோம் என்று ஒருவர் எழுதி நான் பார்த்ததில்லை.

2018-ல் பதினொன்றாம் வகுப்புக்குப் புதிய பாடநூல் வந்தது, அடுத்த ஆண்டு பன்னிரண்டுக்கு. புத்தகம் தரமானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் பிளஸ் ஒன் முதல் தொகுதியில் இயக்கவியலுக்குள் நுழைந்தவுடனேயே வெக்டர், வகையீடு, தொகையீடு எல்லாம் வந்து நிற்கும். கணக்குப் பாடம் எடுத்த பிள்ளைகளுக்கே அவர்களுடைய கணக்கு ஆசிரியர் அந்த அத்தியாயத்துக்கு வர மாதங்கள் ஆகும். ப்யூர் சயின்ஸ் பிரிவில் இருப்பவர்களுக்குக் கணக்கே கிடையாது. பத்தாம் வகுப்போடு கணக்கை முழுக்குப் போட்டுவிட்டு, நர்சிங் படிக்கலாம் என்ற கனவோடு வந்த பிள்ளையிடம் ஜூன் மாதமே டி எக்ஸ் பை டி டி என்று போர்டில் எழுத வேண்டும்.

அந்த ஆண்டு புதிய பாடநூலுக்கான பயிற்சிக்குப் போனோம். அப்போது எங்கள் பகுதி விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. பஸ் மாறி விழுப்புரம் போய்ச் சேர வேண்டும். பெரிய கூடம், ப்ரொஜெக்டர், வருகைப் பதிவேடு. கருத்தாளர் பாடநூலின் பக்கங்களையே ஸ்லைடாகப் போட்டு வாசித்தார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது, அவர் கைக்கே புத்தகம் அப்போதுதான் வந்திருந்தது. சென்னையில் அவருக்குச் சொல்லப்பட்டதை எங்களுக்குச் சொன்னார். கணக்கு இல்லாத பிள்ளைக்கு வகையீட்டை எப்படிக் கொண்டு போவது என்று ஒருவர் எழுந்து கேட்டார். குறிப்பெடுத்துக்கொண்டார்கள். மேலிடத்துக்குச் சொல்கிறோம் என்றார்கள்.

பதில் டீ நேரத்தில்தான் கிடைத்தது. திருக்கோவிலூர் பக்கத்திலிருந்து வந்திருந்த சார் ஒருவர், தான் சூத்திரத்தையே தொடுவதில்லை என்றார். பிள்ளைகள் தினமும் வருகிற டவுன் பஸ்ஸைப் பிடித்துக்கொள்வாராம். எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு, எத்தனை கிலோமீட்டர் என்று அவர்களையே குறித்து வரச் சொல்லி, வரைபடத்தாளில் புள்ளி வைக்கச் சொல்வாராம். எங்கே கோடு அதிகச் சாய்வோடு ஏறுகிறதோ அங்கே பஸ் வேகமாகப் போகிறது, எங்கே படுத்துக் கிடக்கிறதோ அங்கே நிற்கிறது. சாய்வுதான் திசைவேகம். அப்புறம் திசைவேக வரைபடத்தில் கோட்டுக்குக் கீழே உள்ள கட்டங்களை எண்ணச் சொன்னால் தூரம் வந்துவிடும். வகையீடு, தொகையீடு என்ற பெயரையெல்லாம் கடைசியில்தான் சொல்வாராம். ஓய்வு பெறும் வரை நான் அந்த வழியில்தான் நடத்தினேன். கையில் வடையோடு நின்று அவர் சொன்ன அந்தப் பத்து நிமிடம் பயிற்சிக் கட்டகத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லை. அவர் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கும்.

இன்னொரு விஷயத்தை வெளியில் இருப்பவர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஒரு இயற்பியல் ஆசிரியர் இன்னொருவருடைய ஆய்வகத்துக்குள் கால் வைப்பது ஆண்டுக்கு ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்தான். பொதுத்தேர்வுக்கு முந்தைய செய்முறைத் தேர்வுக்குப் புறத்தேர்வராகப் போகும்போது. நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டதில் பாதி அங்கேதான்.

ஒரு முறை எங்கள் பள்ளிக்கு மூத்த ஆசிரியர் ஒருவர் புறத்தேர்வராக வந்திருந்தார். அந்த வருஷம்தான் ஆய்வகத்தின் பழைய மரமேசைகளை எடுத்துவிட்டு இரும்புச் சட்டம் போட்ட மேசைகளைத் தந்திருந்தார்கள். பளபளவென்று இருந்தன. கம்பிச்சுருளுக்கு நடுவில் காந்த ஊசி வைத்த டேன்ஜென்ட் கால்வனாமீட்டர் சோதனையில் புவிகாந்தப் புலத்தின் கிடைத்தளக் கூறு நம் பக்கத்தில் ஏறக்குறைய 4 × 10⁻⁵ டெஸ்லா வர வேண்டும். பக்கத்தில் இரும்பு இருந்தால் காந்த ஊசி திசை மாறிவிடும், பிள்ளைகளுக்கு மேசைக்கு ஒரு மதிப்பு வந்துகொண்டிருந்தது. அவர் எதுவும் பேசாமல் கருவியைத் தூக்கிக்கொண்டு போய் வராந்தாவில் ஒரு மர ஸ்டூல் மேல் வைத்தார். சுற்றியிருந்த பிள்ளைகளிடம் செயின், ஹேர்பின், பக்கத்தில் இருந்த செல்போன் எல்லாவற்றையும் தள்ளி வைக்கச் சொன்னார். கம்பிச்சுருளின் தளம் காந்த ஊசிக்கு இணையாக வரும்வரை கருவியைத் திருப்பினார். மின்னோட்டத்தை விட்டு, விலகல் 30-க்கும் 60 டிகிரிக்கும் நடுவில் இருக்கும்படி வைத்துக்கொண்டு, ஊசியின் இரண்டு முனையையும் படித்தார். மின்னோட்டத்தின் திசையை மாற்றி மறுபடியும் இரண்டு முனை. நாலு அளவுக்கும் சராசரி. கணக்குப் போட்ட பிள்ளை சொன்ன விடை கிட்டத்தட்ட புத்தகத்தில் இருப்பதாகவே இருந்தது.

மேசை வாங்கியவர்கள் யாரையும் இதைக் கேட்டுவிட்டு வாங்கவில்லை. அது வேறு கதை. நான் சொல்ல வந்தது, அந்த அரை மணி நேரத்துக்குப் பயிற்சி என்று பெயர் கிடையாது, ஆனால் பயிற்சி என்றால் அதுதான். கருவி எதிரே இருந்தது. அது சரியாக வேலை செய்யவில்லை. அனுபவமுள்ளவர் ஒருவர் பக்கத்தில் நின்றார்.

அதே மாதிரி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லூரி ஒன்றில் ஆர்வமுள்ள பேராசிரியர்கள் சிலர் பள்ளி ஆசிரியர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். சொந்தச் செலவில் போனோம். 40 வாட், 100 வாட் குண்டு பல்புகள் இரண்டைத் தொடரிணைப்பில் போட்டால் எது பிரகாசமாக எரியும் என்று கேட்டார்கள். கூடம் இரண்டாகப் பிரிந்தது. சுவிட்சைப் போட்டதும் 40 வாட் பளிச்சென்று எரிந்தது, 100 வாட் சிவப்பாக முணுக்கென்றுகூட இல்லை. சரி, தொடரிணைப்பில் மின்தடை அதிகமுள்ள 40 வாட் பல்பில்தான் திறன் அதிகம், இதைக் கணக்கிலேயே சொல்லிவிடலாம். அப்புறம்தான் அவர்கள் வேலையைக் காட்டினார்கள். 100 வாட் பல்பின் மின்தடை என்ன? 230-ஐ வர்க்கப்படுத்தி 100-ஆல் வகுத்தால் 529 ஓம். எல்லோரும் நோட்டில் எழுதினோம். பல்பைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தார்கள். ஐம்பதுக்கும் கீழே காட்டியது.

மீட்டர் கெட்டுவிட்டது என்று ஒருவர் சொன்னார். வேறு மீட்டர் வந்தது, அதே கதை. எரியும்போது டங்ஸ்டன் இழை 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகிறது, மின்தடை பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. நாம் கணக்குப் போட்டது எரியும் பல்புக்கு, மீட்டர் அளந்தது ஆறிய பல்பை. குண்டு பல்பு பெரும்பாலும் சுவிட்ச் போடும் அந்த நொடியில்தான் ஃபியூஸ் ஆகும் என்பது எல்லா வீட்டிலும் பார்த்ததுதானே, காரணம் இதுவே, ஆறிய இழையில் மின்தடை குறைவாக இருப்பதால் அந்த நொடியில் மின்னோட்டம் மிக அதிகமாகப் பாய்கிறது. வெப்பநிலையோடு மின்தடை மாறுவதும், மின்திறனும், ஓம் விதி எதற்குப் பொருந்தும் எதற்குப் பொருந்தாது என்பதும் ஒரே பல்பில் வந்துவிட்டன. திங்கட்கிழமையே வகுப்பில் செய்தேன். இதில் உள்ள ஒரே சிக்கல், இப்போது கடைகளில் குண்டு பல்பு கேட்டால் நம்மை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய முறைகள் அல்ல. இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் 1984-ல் பேராசிரியர் டி.பி. கண்டேல்வால் முயற்சியில் தொடங்கியது. ஐ.ஐ.டி. கான்பூரில் இருந்த பேராசிரியர் எச்.சி. வர்மா, கைக்கு எட்டும் பொருள்களைக் கொண்டு சோதனை செய்யும் அன்வேஷிகா மையங்களை அந்தச் சங்கத்தின் வழியாகவே வளர்த்தார். அமெரிக்காவில் அனுபவமுள்ள பள்ளி இயற்பியல் ஆசிரியர்களையே தயார்செய்து அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்றுநர்களாக அனுப்பும் திட்டத்தை 1985-லேயே தொடங்கிவிட்டார்கள். எல்லாவற்றிலும் பொதுவானது ஒன்றுதான். இயற்பியல் நடத்துகிறவரே இயற்பியல் நடத்துகிறவரிடம் பேசுகிறார், நடுவில் ஒரு கருவி இருக்கிறது.

நம் ஆய்வகங்களின் நிலையையும் சொல்லாமல் விட முடியாது. தேர்ச்சி பெற எழுத்துத் தேர்வில் 70-க்கு 15, மொத்தத்தில் 35 வேண்டும். செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் சேர்த்து 30. பிள்ளை தேறினால் போதும் என்று எல்லோரும் அந்த முப்பதில் தாராளமாகப் போட்டுவிடுவோம், இது ஊரறிந்த ரகசியம். விளைவு என்ன? ஆய்வகம் எப்படி இருந்தாலும் மதிப்பெண் பட்டியலில் அது தெரியப்போவதில்லை. தெரியாத ஒன்றுக்கு யார் செலவு செய்வார்கள்? வேதியியலுக்காவது அமிலம், உப்பு தீர்ந்தால் வாங்கித்தான் ஆக வேண்டும். இயற்பியல் என்றால் ஒரு தடவை வாங்கினால் ஆயுளுக்கும் போதும் என்று நினைப்பு. சோடியம் விளக்கு போய்விட்டால், அதன் ஒளியை வைத்து அளவெடுக்கும் நிறமாலைமானி அலமாரிக்குப் போகும். அடுத்த வருஷம் அதன் மட்டத்திருகுகள் இறுகிப்போய்த் திருகவே வராது. பார்த்துக்கொள்ள வேண்டிய ஆய்வக உதவியாளரை அலுவலகத்தில் உட்கார வைத்துப் பட்டியல் தட்டச்சு செய்யச் சொல்லியிருப்பார்கள். பாவம், அவரும் என்ன செய்வார்.

இப்போதெல்லாம் இணையத்திலேயே சோதனை செய்யலாமே என்று ஒரு அதிகாரி என்னிடம் கேட்டார். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் என்ற கணினிவழிச் சோதனை உருவகங்களை நானும் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஓட்டிக் காட்டியிருக்கிறேன். சில தமிழிலேயே கிடைக்கின்றன, அருமையானவை. ஆனால் கணினித் திரையில் இணைப்புக் கம்பியின் முனையில் களிம்பு பிடிக்காது. எங்கே தப்பு என்று தேடும் வேலையே அங்கு கிடையாது.

ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) தேர்வு எழுதிப் புதிதாக வருகிற பிள்ளைகளை நினைத்தால்தான் இன்னும் வருத்தம். கெட்டிக்காரர்கள், குவாண்டம் இயக்கவியலில் எதைக் கேட்டாலும் சொல்வார்கள். ஜூன் மாதம் பணியில் சேர்ந்ததும் ஆய்வகச் சாவியையும் இருப்புப் பதிவேட்டையும் கையில் கொடுத்துவிடுகிறோம். பதிவேட்டில் இருப்பது அலமாரியில் இல்லை, அலமாரியில் இருப்பது வேலை செய்யவில்லை. அன்றிலிருந்து அவர் தனி ஆள்.

நான் கேட்பது பெரிய திட்டமல்ல, பெயர் சூட்டி விழா எடுக்கவும் தேவையில்லை. கல்வி மாவட்டத்துக்கு ஒரு பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்தைத் தேர்ந்தெடுத்து அதை மட்டுமாவது முழுமையாகச் சரிசெய்யுங்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை சுற்றுவட்டார ஆசிரியர்கள் அங்கே கூடட்டும். பணி நாளாகக் கணக்கு வைத்து, பயணப்படியும் கொடுத்துவிடுங்கள். ப்ரொஜெக்டர் வேண்டாம். அந்தந்த மாதம் வகுப்பில் நடக்கப்போகிற பாடத்தின் சோதனையை அவரவர் கையால் செய்துபார்க்கட்டும். கெட்டுப்போன கருவிகளைப் பையில் போட்டுக் கொண்டு வரட்டும், அன்றைக்கு ஒரு மெக்கானிக்கும் இருக்கட்டும். மூத்த ஆசிரியர் ஒருவருக்கு வாரத்தில் சில பாடவேளைகளைக் குறைத்துவிட்டால், புதிதாகச் சேர்ந்தவர்களின் பள்ளிக்கே போய் பக்கத்தில் நிற்பார். மேற்பார்வை பார்க்க அல்ல, கூட நிற்க. அவர் வந்து போனதற்கு அறிக்கை, படிவம், புகைப்படம் எதுவும் கேட்காதீர்கள், கேட்டால் மறு மாதமே அது ஆய்வு ஆகிவிடும்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். ஒரு கூடத்தில் நூறு பேரை உட்கார வைத்து ஸ்லைடு காட்டுகிற செலவில் இதில் பலவும் நடந்துவிடும் என்பது என் கணிப்பு. ஆள் எங்கே என்றால், என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறோம். கூப்பிட்டால் வருவோம், பஸ் செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

முதல் கூட்டத்துக்கு என்னைக் கேட்டால், நீளக் கம்பியை வைத்து மின்கலங்களை ஒப்பிடும் மின்னழுத்தமானியை (பொட்டென்ஷியோமீட்டர்) வைத்துக்கொள்ளலாம் என்பேன். பிளஸ் டூவில் மின்னோட்டவியல் தொடக்கத்திலேயே வந்துவிடும். எந்தப் பள்ளியிலும் பிள்ளைகளை அதிகம் அழவைப்பது அதுதான், எங்கே தொட்டாலும் கால்வனாமீட்டர் ஒரே பக்கமாகவே விலகும். மின்கலங்களின் நேர்முனைகள் எல்லாம் கம்பியின் ஒரே முனைக்கு வந்திருக்கின்றனவா, எலிமினேட்டர் என்ற மின்வழங்கி தருகிற மின்னழுத்தம் ஒப்பிடுகிற லெக்லாஞ்சி மின்கலத்தைவிட அதிகமாக இருக்கிறதா, இன்னொரு மின்கலமான டேனியல் கலத்தின் மண்குடுவை நன்றாக ஊறியிருக்கிறதா, முனைகளை உப்புத்தாளால் தேய்த்தாயிற்றா, இந்த நாலையும் வரிசையாகப் பார்த்தால் பெரும்பாலும் கால்வனாமீட்டர் விலகாமல் நிற்கும் சமநிலைப் புள்ளி கிடைத்துவிடும். உப்புத்தாள் நான் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற முதுகலை ஆசிரியை (இயற்பியல்),
சின்னசேலம், கள்ளக்குறிச்சி மாவட்டம்.